வரைபடம் சொல்லாமல் விட்ட அளவு

நந்தனம் மெட்ரோ நிலையத்தில், அண்ணா சாலையின் இரைச்சலெல்லாம் தலைக்கு மேலே தங்கிவிட, சுரங்கத்துக்குள் வந்து நிற்கிற ரயிலின் கதவுகளும் நடைமேடை ஓரத்துக் கண்ணாடிக் கதவுகளும் நேருக்கு நேர் திறந்துகொள்வதை நாள்தோறும் எத்தனையோ பேர் பார்க்கிறார்கள். பார்த்துப் பழகிவிட்டபடியால் அதில் ஆச்சரியத்துக்கு இடமில்லை என்று எண்ணி ஏறிப் போய்விடுகிறார்கள். 2018 மே 25-ஆம் தேதி திறக்கப்பட்ட இந்தப் பாதையில் முதலில் ஓடத் தொடங்கிய ரயில்களில் ஒன்பது பிரேசில் தேசத்தில் செய்யப்பட்டுக் கப்பலேறி வந்தவை. பின்னால் வந்தவை ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீசிட்டியில் அல்ஸ்டாம் நிறுவனத்தின் தொழிற்சாலையில் உருவானவை. நடைமேடைக் கதவுகளைச் செய்தவர்கள் வேறு, தண்டவாளம் இட்டவர்கள் வேறு, சுரங்கம் தோண்டியவர்கள் வேறு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத இத்தனை பேருடைய கைவேலைகளும் பூமிக்கடியில் ஓரிடத்தில் வந்து சந்திக்கும்போது ஒன்றோடொன்று இசைந்துபோகின்றன என்றால், அவர்களுக்கு இடையே தூது சென்றது யந்திர வரைபடம் என்ற ஒரு சாதனமே.

அந்த வரைபடம் வெறும் படமன்று. அது ஓர் உடன்படிக்கை. வாங்குகிறவர் தமக்கு வேண்டியது இன்னது என்று சொல்வதும், செய்கிறவர் அதைச் செய்து தர ஒப்புக்கொள்வதும் அந்த ஒரே காகிதத்தில் அடங்கியிருக்கின்றன. தகராறு என்று வந்துவிட்டால் இரு தரப்பாரும் கையில் எடுப்பது அதைத்தான். எத்தகைய யந்திரத்தாலும் எத்தகைய கைத்திறனாலும், 25 மில்லிமீட்டர் என்று எழுதிய பொருளை அணுவும் பிசகாமல் 25 மில்லிமீட்டராகவே செய்துவிட முடியாதாகையால், இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று ஓர் எல்லையையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. பட்டறைகளில் இதற்கு டாலரன்ஸ் என்று பெயர். எண்ணுக்குப் பக்கத்தில் கூட்டல் குறியையும் கழித்தல் குறியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக இட்டு 0.1 என்று எழுதினால், 24.9 முதல் 25.1 வரை எதுவாயினும் தேறும்; அதற்கு அப்பால் போனால் கழிவு. இந்த ஏற்பாடு எளிமையானது. நூறாண்டுக்கு மேலாக உலகத்துத் தொழிற்சாலைகளுக்கு ஊன்றுகோலாக இருந்து வருவது. அதன் உபகாரத்தை மறுப்பது என் நோக்கமன்று. ஆயினும் அது சொல்வதைவிடச் சொல்லாமல் விடுவதே அதிகம் என்பதையும், விடப்பட்டதையெல்லாம் தொழிலாளி தன் அனுபவத்தால் நிரப்பிக்கொண்டிருந்த காலம் கடந்துவிட்டது என்பதையும் நம்மவர்கள் இன்னும் போதிய அளவு உணரவில்லை என்பது என் அபிப்பிராயம்.

முன்னாளில் பொருளைச் செய்கிறவனே அதைப் பொருத்துகிறவனாகவும் இருந்தான். பிட்டர் என்று நாம் அழைக்கும் தொழிலாளி, ஒரு பாகத்தின் முகத்தில் நீல மையைத் தடவி மற்றொன்றின் மேல் வைத்து நகர்த்தி, மை ஒட்டிய மேடுகளை மட்டும் சுரண்டி, மீண்டும் மை தடவி, மீண்டும் சுரண்டி, இரண்டு முகங்களும் ஒன்றோடொன்று ஒட்டி உட்காரும் வரையில் ஓயமாட்டான். அவனுக்கு வரைபடத்தின் எண் ஒரு ஆரம்பம். முடிவு அவன் கையில் இருந்தது. ஆனால் 1955 அக்டோபர் 2-ஆம் தேதி பண்டித நேரு பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையைத் திறந்து வைத்து, ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ஷ்லீரன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு பெட்டிகள் வரிசை வரிசையாக வெளிவரத் தொடங்கியபோது, ஒவ்வொரு பாகத்தையும் சுரண்டிப் பொருத்திக்கொண்டிருப்பது நடவாத காரியமாயிற்று. 1958-இல் காமராஜர் ஆட்சியில், ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராக இருந்த நாளில், நந்தனத்துக்குத் தெற்கே அடையாற்றைத் தாண்டிச் சிறிது தூரத்தில் கிண்டித் தொழிற்பேட்டை அமைந்தபோது, இந்த மாறுதல் சிறு பட்டறைகளையும் வந்து எட்டியது. இரண்டு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் வைத்திருப்பவர், தாம் கடைந்து கொடுக்கும் புஷ் எந்த யந்திரத்தில் எதற்கு நடுவே போய் உட்காரப்போகிறது என்பதை அறியாமலே ஆயிரக்கணக்கில் செய்து அனுப்பலானார். காரியம் இன்னதென்று தெரியாதபோது, காகிதத்தில் உள்ளது மட்டுமே அவருக்குத் தெரியும். அந்தக் காகிதம் மௌனமாக இருக்கிற இடங்களில் எல்லாம் வம்பு தொடங்குகிறது.

அத்தகைய மௌனங்களில் ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் எஃகுத் தண்டு, அது 20.02 மில்லிமீட்டர் துளைக்குள் தாராளமாக நுழைய வேண்டும். சென்டர்லெஸ் கிரைண்டிங் யந்திரத்தில் தீட்டி வந்த தண்டுகளை மைக்ரோமீட்டரால் பிடித்துப் பார்க்கிற இளைஞன், எங்கே பிடித்தாலும் எப்படித் திருப்பிப் பிடித்தாலும் சரியாக 20.00 காட்டுவதைக் கண்டு திருப்தியடைகிறான். ஆனால் தண்டு துளைக்குள் நுழைய மறுக்கிறது. கிண்டியில் ஒரு பட்டறையில் இதே சங்கடத்தின்போது நான் கேட்ட பேச்சு இது:

“அண்ணே, எங்க புடிச்சாலும் மைக்ல இருபதுதான் காட்டுது. ஆனா ஜாப் உள்ள போவமாட்டேங்குதே!”

“மைக்க கீழ வைடா தம்பி. வி-பிளாக்குல போட்டு, மேல டயல் வச்சு, மெதுவா சுத்திப் பாரு.”

சுற்றிப் பார்த்தபோது டயலின் முள் ஒரு சுற்றுக்கு மூன்று முறை ஏறி மூன்று முறை இறங்கியது. தண்டு வட்டமாக இல்லை. மூன்று மூலைகள் மழுங்கிய ஒரு வடிவமாக, கண்ணுக்குத் தெரியாத அளவில், கோணியிருந்தது. இந்த வடிவத்துக்கு ஒரு விநோத குணம் உண்டு: ஒரு பக்கம் மேடாக இருக்கும் இடத்துக்கு நேர் எதிரே அதே அளவு பள்ளமாக இருப்பதனால், இரண்டு தாடைகளுக்கு நடுவே பிடித்தால் எல்லாத் திசையிலும் ஒரே அகலந்தான் வரும். மேடு ஒவ்வொன்றும் மையத்திலிருந்து 15 மைக்ரான் கூடுதலாக இருந்தால், மைக்ரோமீட்டர் 20.00 என்று சத்தியம் செய்கிற அந்தத் தண்டை உள்ளே வாங்க 20.03 மில்லிமீட்டர் துளை வேண்டும். மைக்ரோமீட்டரில் பிழையில்லை, இளைஞனிடத்திலும் பிழையில்லை. வரைபடத்தில் எழுதியிருந்தபடியே எல்லாம் நடந்திருக்கிறது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரத்தைத்தான் அந்த எண் கட்டுப்படுத்தியதே தவிர, உருவத்தை அது கட்டுப்படுத்தவே இல்லை.

லெஸ்டர் நகரத்தில் கண்ணாடி வில்லைகள் செய்த வில்லியம் டெய்லர் என்ற ஆங்கிலேயர் 1905-ஆம் ஆண்டிலேயே இந்தச் சூக்ஷ்மத்தை உணர்ந்திருந்தார். உள்ளே நுழைய வேண்டிய கேஜ், துணைப்பாகத்தின் முழு உருவத்தையும் முழு நீளத்தையும் கொண்டிருக்க வேண்டும் என்றும், நுழையக் கூடாத கேஜ் ஒரு சமயத்தில் ஓர் அளவை மட்டுமே சோதிக்க வேண்டும் என்றும் அவர் வகுத்த விதி இன்றும் கோ, நோ-கோ கேஜ்களைச் செய்வோருக்கு அடிப்படையாக இருக்கிறது. இருந்தும் இந்த உண்மை மறக்கப்படாமல் இல்லை. 1986-இல் சாலஞ்சர் விண்வெளிக் கலம் வெடித்துச் சிதறியதை விசாரித்த குழுவில் இருந்த பௌதிக மேதை ரிச்சர்ட் ஃபைன்மன், சுமார் 12 அடி விட்டமுள்ள ராக்கெட் உருளைகள் வட்டமாக இருக்கின்றனவா என்பதை மூன்று திசைகளில் விட்டத்தை அளந்து தீர்மானிக்கிறார்கள் என்று அறிந்து, மூன்று விட்டங்கள் சமமாக இருப்பதனாலேயே ஒரு வளையம் வட்டமாகிவிடாது என்று எடுத்துக்காட்டினார். விபத்துக்குக் காரணமாக முடிந்தது குளிரில் விறைத்துப்போன ரப்பர் வளையமே. எனினும் அத்தனை செலவிலும் அத்தனை கல்வியிலும் நடந்த ஒரு காரியத்தில், கிண்டிப் பட்டறை மேஸ்திரி வி-பிளாக்கை எடுக்கச் சொன்ன அதே விஷயம் விடுபட்டிருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

அடுத்தது, துளைகளின் இருப்பிடம். ஒரு தட்டில் நான்கு மூலைகளிலும் நான்கு துளைகள். ஒவ்வொன்றிலும் 10 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று செல்ல வேண்டும். துளை குறைந்தது 10.3 மில்லிமீட்டர் இருக்கும். துளையின் மையம் இடப் பக்கத்து விளிம்பிலிருந்து இத்தனை, கீழ் விளிம்பிலிருந்து இத்தனை என்று குறித்து, இரண்டுக்கும் கூட்டல் கழித்தல் 0.1 என்று கொடுப்பது வழக்கம். அப்படிக் கொடுத்தால், மையம் இருக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட இடம் 0.2 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு சிறு சதுரமாகிறது. சதுரத்தின் மூலையில் மையம் விழுந்தால் அது சரியான இடத்திலிருந்து ஏறக்குறைய 0.14 விலகியிருக்கும், ஆயினும் பரிசோதகர் அதைத் தேர்ச்சி என்று முத்திரையிடுவார். வேறொரு தட்டில் மையம் நேர் வலப் பக்கமாக 0.12 மட்டும் விலகியிருக்கும். அதைக் கழிவு என்று சிவப்புச் சாயம் பூசி ஒதுக்குவார். அதிகம் விலகியது உள்ளே, குறைவாக விலகியது வெளியே! போல்ட்டோ வட்டமானது, எந்தத் திசையில் விலகினாலும் அதற்கு ஒன்றுதான். சதுரத்துக்கு நியாயம் எதுவும் இல்லை. இரண்டு அளவுகளை நேர்க்கோட்டில் எழுதுகிற வழக்கத்திலிருந்து அது தானாக முளைத்தது.

இதை முதலில் தெளிவாகக் கண்டவர் ஸ்டான்லி பார்க்கர். ஸ்காட்லாந்தில் அலெக்ஸாண்ட்ரியா என்ற ஊரில் இருந்த ராஜாங்க டார்பிடோத் தொழிற்சாலையில், இரண்டாவது உலக யுத்தத்தை ஒட்டிய காலத்தில், அவர் இந்த ஆராய்ச்சியைச் செய்தார். வரைபடத்தின்படி தேறாத பாகங்கள் பொருத்திப் பார்க்கும்போது பொருந்திவிடுகின்றன என்ற அனுபவம், எந்தப் பட்டறையிலும் சோம்பேறித்தனத்துக்குச் சமாதானமாகச் சொல்லப்படுவதுதான். பார்க்கர் அதைச் சமாதானமாகக் கொள்ளாமல் கேள்வியாகக் கொண்டார். மூலையில் விழுந்த 0.14 விலகலையே ஏற்றுக்கொள்வதானால், அதே விலகலை எல்லாத் திசையிலும் ஏற்கலாம் அல்லவா? அவ்வாறு ஏற்றால் அனுமதித்த இடம் 0.28 விட்டமுள்ள வட்டமாகிறது. சதுரத்தைக் காட்டிலும் அந்த வட்டத்தின் பரப்பு 57 சதவீதம் அதிகம். பொருளின் தரத்தில் ஒரு துளியும் குறையாமல், செய்கிறவனுக்குக் கிடைக்கும் இடம் ஒன்றரை மடங்குக்கு மேல் பெருகுகிறது. யுத்த காலத்தில் ஆளும் உலோகமும் அரிதாக இருந்த தேசத்துக்கு இது எத்தகைய லாபம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நம் பேட்டைகளில் இன்றும், ஒரு கடைசல்காரரின் ஒரு நாள் கூலி அந்தச் சதுரத்துக்கும் வட்டத்துக்கும் இடைப்பட்ட நான்கு சிறு வில்களில் போய்விடுகிறது என்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தம் உண்டாகிறது. அவர் செய்த வேலை நல்ல வேலை, எழுதிய விதம் அதைக் கெட்ட வேலையாக்கிவிட்டது.

எங்கிருந்து அளப்பது என்ற கேள்வி இதைவிடப் பெரியது. ‘விளிம்பிலிருந்து 40’ என்று எழுதும்போது, விளிம்பு நேராக இருக்கிறது என்றும், பக்கத்து விளிம்புக்குச் செங்கோணமாக இருக்கிறது என்றும் வரைந்தவர் மனத்தில் எண்ணிக்கொள்கிறார். அவர் கண் முன் இருக்கும் காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. வெட்டி எடுத்த தட்டில் அப்படி இருப்பதில்லை. செய்தவர் நீண்ட விளிம்பை மேஜையில் அணைத்து வைத்துக் கட்டைவிளிம்பிலிருந்து அளந்திருப்பார். வாங்குகிறவரின் பரிசோதகர் கட்டைவிளிம்பை அணைத்து வைத்து அளப்பார். தட்டு ஒரு நூலிழை கோணியிருந்தாலும் இருவருக்கும் இரண்டு விடைகள். இருவரும் யோக்கியர்கள், இருவர் கருவியும் குறையற்றது. ஆயினும் சரக்கு திரும்பிவிடுகிறது. வண்டி வாடகையும் திரும்பச் செய்யும் செலவும் சிறிய பட்டறையின் தலையில் விழுகின்றன. ஏனென்றால் பெரிய இடத்தின் அளவே அளவு என்பது எழுதப்படாத சட்டம்.

தொடர் அளவுகளின் தொல்லையும் உண்டு. முதல் துளையிலிருந்து இரண்டாவதற்கு இத்தனை, இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு இத்தனை என்று சங்கிலியாக எழுதிக்கொண்டே போனால், ஒவ்வொன்றிலும் 0.1 தான் அனுமதித்தோம் என்று வரைந்தவர் நிம்மதியாக இருக்க, ஆறாவது துளையில் போய்ச் சேரும்போது பிழை 0.5 வரை வளர்ந்திருக்கும். வரிசையாகக் கதவுகள் அமைந்த ஒரு ரயிலுக்கு அளவு குறிப்பவர் ஒவ்வொரு கதவையும் முந்தைய கதவிலிருந்து அளக்காமல், எல்லாவற்றையும் ஒரே ஆதாரத்திலிருந்து அளப்பது இதற்காகத்தான்.

எனக்கு எல்லாவற்றிலும் அதிகக் கவலை தருவது வேறொன்று. படிப்படியாகக் குறுகும் ஒரு தண்டை வரையும்போது, நடுவே புள்ளியும் கோடுமாக ஓர் அச்சுக்கோடு போடுகிறோம். தண்டின் ஒரு கோடியில் ஒரு பேரிங், மறுகோடியில் ஒரு பேரிங், நடுவில் மோட்டாரின் சுழலும் பாகம். மூன்று விட்டங்களுக்கும் தனித்தனியே மைக்ரான் கணக்கில் டாலரன்ஸ் எழுதியிருப்பார்கள். ஆனால் அந்த மூன்று உருளைகளும் ஒரே அச்சில் இருக்க வேண்டும் என்பதற்கு எண் எதுவும் இராது. கோடு ஒன்றாக இருக்கிறதே, அது போதாதா என்று வரைந்தவர் எண்ணிவிடுகிறார். லேத்தில் ஒரு பக்கம் கடைந்து, கழற்றித் திருப்பி மாட்டி, மறுபக்கம் கடைந்தால், சக் பிடித்த பிடிக்கு ஏற்றபடி அச்சு விலகிவிடும். மூன்று விட்டங்களும் வரைபடத்தின்படி பூரணமாக இருக்க, மோட்டார் ஓடத் தொடங்கியதும் பேரிங் சூடேறி இரைச்சல் போடும். அனுபவமுள்ள டர்னர், இது சுழலும் தண்டு என்று ஊகித்து, சொல்லாமலே இரண்டு சென்டர்களுக்கு நடுவில் மாட்டி ஒரே பிடியில் முடித்துவிடுவார். அவ்வூகத்துக்கு வரைபடத்தில் இடமும் இல்லை, பில்லில் கூலியும் இல்லை. அவர் ஓய்வு பெற்ற மறு மாதம் சரக்கு திரும்பி வரத் தொடங்கும்போதுதான், அதுநாள்வரை வரைபடத்தின் குறையை ஒரு மனிதர் சுமந்துகொண்டிருந்தார் என்பது தெரியவரும்.

சென்னைக்கே உரிய ஒரு சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். உலகத்து வரைபடங்களில் உள்ள அளவுகளெல்லாம், வேறு விதமாகச் சொல்லியிருந்தாலொழிய, பொருள் 20 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் இருக்கும்போது கொள்ளும் அளவுகளே ஆகும். 1931-ஆம் ஆண்டில் சர்வதேச அளவைக் குழு செய்த நிர்ணயம் அது. சித்திரை வைகாசியில் தகரக் கூரைக்கடியில் 20 டிகிரி என்பது நாம் காணாத ஒன்று. எஃகுப் பொருளை எஃகுக் கருவியால் அளக்கும் வரையில் பெரிய மோசமில்லை. இரண்டும் சேர்ந்தே நீளும். அலுமினியமோ எஃகைப்போல் இரு மடங்கு நீளுவது. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் அலுமினியத் துளைக்கு, 100.000-க்கும் 100.035-க்கும் இடையே இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். 35 டிகிரி உஷ்ணமுள்ள பட்டறையில் எஃகுக் கருவியால் அளந்தபோது அது 100.010 காட்டியது, தேறிவிட்டது. வாங்குகிறவரின் குளிரூட்டிய அறையில் ஓர் இரவு கிடந்தபின் அதே துளை 99.993 ஆகிவிடுகிறது; கழிந்துவிட்டது. அனுமதித்த 35 மைக்ரானில் ஏறக்குறையப் பாதியை வெயில் எடுத்துக்கொண்டது. இதை வரைபடத்தின் குற்றம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் 20 டிகிரி என்ற அந்த நிபந்தனை பெரும்பாலான வரைபடங்களில் எழுதப்படுவதே இல்லை என்பதும், எழுதப்படாததைப் பட்டறையில் பலர் அறியவில்லை என்பதும் உண்மை.

இக்குறைகளுக்குப் பரிகாரமாக வந்தவை வடிவத்தையும் இருப்பையும் தனித்தனியே கட்டுப்படுத்தும் குறிகள். கட்டத்துக்குள் அடைத்த சிறு சின்னங்களாக அவை வரைபடத்தில் இடம் பெறுகின்றன: இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே வட்டம் இருந்தால் உருளைத்தன்மை, வட்டத்தைச் சிலுவைக்கோடு வெட்டினால் இருப்பிடம், சாய்ந்த நாற்கரம் என்றால் தட்டைத்தன்மை. சின்னத்தை அடுத்து எத்தனை விலகலாம் என்ற எண். அதை அடுத்து, எந்த முகத்தை முதலில் அணைத்து, எதை இரண்டாவதாக அணைத்து அளக்க வேண்டும் என்று எழுத்துகளின் வரிசை. மூன்று மூலைத் தண்டும், சதுரக் கட்டமும், விளிம்புச் சண்டையும், அச்சு விலகலும் இந்த நான்கைந்து கட்டங்களில் பெரும்பாலும் தீர்ந்துவிடுகின்றன. அமெரிக்கர்கள் ஒய் 14.5 என்ற நியமத்திலும், சர்வதேசத் தர அமைப்பினர் ஐ.எஸ்.ஓ. 1101-இலும் இவற்றை வகுத்திருக்கிறார்கள். 1947-இல் தோன்றி 1987-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஆகி, தென்மண்டலத்துக்குத் தரமணியில் அலுவலகம் வைத்திருக்கும் நம் ஸ்தாபனமும் ஐ.எஸ். 8000 என்ற எண்ணில் இதற்கு நியமம் வெளியிட்டிருக்கிறது, பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்குமென்றே எஸ்.பி. 46 என்ற கைநூலையும் 1988-இல் தந்தது.

ஆனால் நியமம் ஒன்றாக இல்லை. 300 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு தண்டு, விட்டம் 20-க்கு மேல் போகக் கூடாது என்று மட்டும் வரைபடத்தில் கண்டிருக்கிறது. தண்டு எங்கும் 20 தான், ஆனால் வில்போல் அரை மில்லிமீட்டர் வளைந்திருக்கிறது. அமெரிக்க நியமப்படி இது கழிவு. ஏனெனில் விட்டம் உச்ச அளவில் இருக்கும்போது உருவமும் பூரணமாக இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய முதல் விதி. ஐ.எஸ்.ஓ. முறைப்படி, தனியாகக் குறித்திராவிட்டால், அளவு வேறு, உருவம் வேறு; எனவே அது தேறும். ஒரே காகிதம், ஒரே எண், இரண்டு தீர்ப்பு. திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் கொரிய நிறுவனத்துக்கும் ஜெர்மன் நிறுவனத்துக்கும் ஜப்பானிய நிறுவனத்துக்கும் ஒரே கூரையின் கீழ் சரக்கு செய்கிற ஒரு பட்டறை, வரைபடத்தின் வலது கீழ் மூலையில் எந்த நியமத்தின் பெயர் எழுதியிருக்கிறது என்பதை முதலில் படிக்க வேண்டியதாகிறது. அங்கே எதுவுமே எழுதியிராத வரைபடங்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

குறிகளுக்கும் எட்டாத எல்லை உண்டு. ரப்பர் கேஸ்கெட்டும் மெல்லிய தகடும் மேஜைமேல் கிடக்கும்போது ஒரு வடிவம், முடுக்கியபின் வேறு வடிவம். எந்த நிலையில் அளக்க வேண்டும் என்பதை வரைந்தவர் விவரித்துச் சொன்னாலன்றிச் சின்னத்தால் பயனில்லை. லட்சக்கணக்கில் விலையுள்ள சி.எம்.எம். என்ற அளவெடுக்கும் யந்திரமும் துளையின் சுவரை நான்கு புள்ளிகளில் தொட்டுவிட்டு மீதியைக் கணிதத்தால் ஊகிக்கிறது. புள்ளிகள் குறைந்தால் மூன்று மூலைத் துளையும் அதற்கு வட்டமாகவே தோன்றும். எல்லாவற்றுக்கும் மேலாக, பொருள் எதற்கென்று தெரியாத ஒருவர் வரைந்தால், எத்தனை சின்னங்களை இட்டாலும் தவறான முகத்தை ஆதாரமாக்கி, வேண்டாத இடத்தில் மைக்ரானைக் கேட்டு, வேண்டிய இடத்தில் சும்மா இருந்துவிடுவார். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிப் பொறியியல் கல்லூரி இருக்கும் ஊரில், முதலாண்டு மாணவர்கள் மினி டிராஃப்டரைப் பலகையில் மாட்டிக்கொண்டு கூம்பையும் பட்டகத்தையும் சாய்த்துச் சாய்த்து வரைகிறார்கள். அது நல்ல பயிற்சிதான். ஆனால் இந்தச் சின்னங்கள் பலருக்கு ஓர் அட்டவணையாக அறிமுகமாகி, பரீட்சையோடு மறந்துபோகின்றன. ஒரு சின்னத்தை இடுவதற்கு முன் அது எந்தப் பாகத்தோடு சேரப்போகிறது என்று கேட்கும் பழக்கத்தை, வகுப்பில் ஒரு பம்பைக் கழற்றி மேஜைமேல் பரப்பி வைத்துத்தான் கற்பிக்க முடியும். அதைச் செய்கிற ஆசிரியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், இன்னும் அதிகம் பேர் வேண்டும்.

சிறிய பட்டறைகளுக்கு இந்தப் புது முறை செலவு மிகுந்தது என்று ஒரு பயம் நிலவுகிறது. நான்கு துளைத் தட்டை எடுத்துக்கொண்டால் விஷயம் நேர்மாறாக இருப்பது தெரியும். இருப்பிடக் குறியில் 0.28 என்று எழுதி, பக்கத்தில் வட்டத்துக்குள் ‘எம்’ என்ற எழுத்தையும் சேர்த்துவிட்டால், துளை பெரிதாக அமைந்த அளவுக்கு இருப்பிடத்திலும் சலுகை உண்டு என்று பொருள், 10.3-க்குப் பதில் துளை 10.5 ஆகிவிட்டால் அனுமதி 0.48 ஆகிறது. போல்ட் நுழைய வேண்டும் என்பதே நோக்கமானால் இது முற்றிலும் நியாயம். அப்போது சி.எம்.எம். தேவையில்லை. 10.3-இலிருந்து 0.28 போக மீதி 10.02; அந்த விட்டத்தில் நான்கு பின்களை ஒரு தடித்த தட்டில் சரியான இடங்களில் நட்டு, ஆதார முகங்கள் அணைவதற்கு இரண்டு தடுப்புகள் வைத்தால் கேஜ் தயார். வேலை தெரிந்த டூல்ரூம்காரர் உள்ளூரிலேயே அதைச் செய்து கொடுத்துவிடுவார். வெர்னியரும் கணக்கும் அறியாத உதவியாளர்கூடத் தட்டை அதன்மேல் வைத்து, இறங்கினால் ஒரு பக்கமும் இறங்காவிட்டால் மறுபக்கமும் அடுக்கிவிடலாம். கேஜுக்கு மட்டும் பொருளின் டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்கையே அனுமதிப்பது வழக்கமாகையால், 0.28-க்கு 0.028 என்று அதன் பின்களின் இருப்பிடத்தைக் குறிக்க வேண்டும். அந்தக் கேஜின் வரைபடத்தையும் கூட்டல் கழித்தலில் எழுதாமல் இருப்பிடக் குறியிலேயே எழுதும்படி கேட்டு வாங்குவது உத்தமம்.